பினாங்கு வௌவாலுக்குப் பெயர் வைத்த டாக்டர்

ஹிப்போசிடெரோஸ் கேலெரிட்டஸ் கேண்டர், 1846.

வாய்விட்டுப் படித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் இந்த வரி, ஒரு சிறிய வௌவாலின் முழு அறிவியல் பெயர். முதல் சொல் அதன் பேரினம். இரண்டாவது சொல் இனம். மூன்றாவது, அந்த உயிரை அறிவியல் உலகுக்கு முதலில் விவரித்தவரின் பெயர். கடைசியில் இருப்பது அந்த விவரம் அச்சான ஆண்டு. உயிரியல் பாடத்தில் முதல் இரண்டு சொற்களைத்தான் மனப்பாடம் செய்கிறோம். மீதி இரண்டையும் தேர்வில் யாரும் கேட்பதில்லை.

ஆனால் அந்த மீதி இரண்டில்தான் நம் ஊரின் கதை இருக்கிறது. இந்தப் பெயர் எந்த ஊர் வௌவாலைப் பார்த்து வைக்கப்பட்டதோ, அந்த ஊர் பினாங்கு. வைத்தவர் தியோடர் எட்வர்ட் கேண்டர் என்ற டென்மார்க் நாட்டு மருத்துவர். கணிதம் படிப்பவர்கள் கணக் கோட்பாட்டைத் தந்த கேண்டரோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் வேறு. இவருடைய கையில் இருந்தவை கணங்கள் அல்ல. பாம்பு, மீன், ஆமை, வௌவால்.

கேண்டர் 1809-ஆம் ஆண்டு கோப்பன்ஹேகன் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவருடைய தாய்மாமன் நதானியல் வாலிக், அந்தக் காலத்தில் ஆசியாவெங்கும் தெரிந்த தாவரவியலாளர். டென்மார்க்கிலிருந்து எப்படி ஒரு குடும்பம் இந்தப் பக்கம் வந்தது என்று தோன்றலாம். நம் முன்னோர்களின் தமிழ்நாட்டில், தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டென்மார்க்கின் கையில் இருந்தது. வங்காளத்தில் செராம்பூரும் அவர்களுடையதுதான். அந்தச் செராம்பூருக்கு டாக்டராக வந்தவர் வாலிக். பிறகு ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியில் சேர்ந்து, கல்கத்தாவின் தாவரவியல் பூங்காவுக்குத் தலைவரானார். 1822-இல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்து செடி சேகரித்துச் சென்றவரும் அவரே. மாமா போட்ட பாதையில் மருமகனும் மருத்துவம் படித்துவிட்டுக் கம்பெனியின் வேலைக்கு வந்தார்.

அந்தக் காலத்து இயற்கை ஆய்வாளர்களில் ஏன் இத்தனை டாக்டர்கள் என்று கேட்டால், பதில் எளிது. உடலை அறுத்துப் பார்க்கக் கற்றவர்கள் அவர்கள்தாம். எலும்பையும் பல்லையும் ஒப்பிடத் தெரிந்தவர்களும் அவர்களே. கத்தியும், உடலைக் கெடாமல் வைக்கும் சாராயமும் அவர்களிடம் இருந்தன. விலங்கியல் என்று தனியாகச் சம்பளம் கொடுக்கும் வேலை கம்பெனியில் அரிது. பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு, மீதி நேரத்தில் செய்வது இது.

கேண்டரின் பெயர் முதலில் வெளியே தெரிந்தது ராஜநாகத்தால். 1836-இல் அவருக்கு வயது 27. சுந்தரவனக் காட்டில் பிடிபட்ட மூன்று பாம்புகளும் கல்கத்தா அருகே பிடிபட்ட ஒன்றும் அவர் கைக்கு வந்தன. படமெடுக்கிறது, ஆனால் சாதாரண நாகம் இல்லை. மற்றப் பாம்புகளையே தின்னும் பெரிய பாம்பு. வங்காளத்துக் காட்டோர மக்களுக்கு அது பழக்கப்பட்ட பாம்பாகவே இருந்திருக்கும். ஆனால் அறிவியல் ஏடுகளில் அதற்கு இடம் இல்லை. கேண்டர் அதற்கு ஹமட்ரையாஸ் ஹன்னா என்று பெயரிட்டார்.

இங்கே ஒரு சுவையான விதி. ஹமட்ரையாஸ் என்ற பேரினப் பெயரை ஏற்கெனவே ஒரு பட்டாம்பூச்சிக் கூட்டத்துக்கு வைத்துவிட்டார்கள். இரண்டு விலங்குப் பேரினங்களுக்கு ஒரே பெயர் இருக்கக்கூடாது, முந்தியவருக்கே உரிமை. அதனால் ராஜநாகத்தின் பேரினப் பெயர் பிற்காலத்தில் ஓபியோஃபேகஸ் ஆனது. ஹன்னா என்ற இனப் பெயர் மட்டும் நிலைத்தது. இன்று ராஜநாகத்தின் பெயருக்குப் பின்னால் கேண்டர், 1836 என்பது அடைப்புக்குறிக்குள் இருக்கும். வௌவாலின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறி கிடையாது. அடைப்புக்குறி இருந்தால், பெயர் வைத்தவர் முதலில் வேறொரு பேரினத்தில் சேர்த்திருந்தார் என்று பொருள். இல்லையென்றால் அவர் சேர்த்த இடத்திலேயே அந்த உயிர் இன்றும் இருக்கிறது. ஒரு சின்ன வளைவுக்கோட்டில் இவ்வளவு வரலாற்றை அடக்கிவைக்கும் துறை வேறு எது என்று எனக்குத் தெரியவில்லை.

1840-இல் அபினிப் போர் வந்தது. சீனாவுக்கு அபினி விற்கும் உரிமைக்காக ஆங்கிலேயர் நடத்திய போர் அது. சீனக் கடற்கரையை ஒட்டிய சூசான் தீவை அவர்கள் பிடித்தபோது கேண்டரும் படையோடு போனார். அந்தத் தீவில் குண்டு பட்டுச் செத்த சிப்பாய்களைவிடக் காய்ச்சலாலும் வயிற்றுக்கடுப்பாலும் செத்தவர்கள் மிக அதிகம், நூற்றுக்கணக்கானவர்கள். அந்த நிலையிலும் கேண்டர் தவளையும் பாம்பும் சேகரித்தார். 1842-இல் வெளியான அவருடைய கட்டுரையில்தான் சீன நாகமும், ஆசியத் தேரை ஒன்றும் முதன்முதலில் அறிவியல் பெயர் பெற்றன. அந்தப் பெயர்களின் இனச் சொற்கள் இன்றும் செல்லுபடியாகும்.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? ஒரு கொடுமையான போரின் நிழலில் நடந்த நல்ல அறிவியல் என்றுதான் சொல்ல முடிகிறது. இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டுக் கேண்டரை எழுதினால் அது வாழ்க்கை வரலாறு ஆகாது, பாராட்டுப் பத்திரம் ஆகிவிடும்.

பிறகுதான் நம் தீவு. கேண்டர் வந்த பினாங்கு, கம்பெனி ஆண்ட நீரிணைக் குடியேற்றங்களில் ஒன்று. ஜோர்ஜ்டவுனில் சூலியாக்கள் கப்பலும் கடையும் நடத்தி வந்தார்கள். குவீன் ஸ்திரீட் மாரியம்மன் கோயில் எழுந்து பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதைவிட மூத்தது. நகரத்துக்குப் பின்னால் பினாங்குக் கொடிமலை காடாக நின்றது. எதிரே, இன்று செபராங் பிறை என்று நாம் சொல்லும் பெருநிலம்.

இங்கேயும் மலாக்காவிலும் இருந்த ஆண்டுகளில் கேண்டர் சேகரித்தவை மலைக்க வைக்கின்றன. 1846-இல் மலாயாத் தீபகற்பத்தின், அதன் தீவுகளின் பாலூட்டிகள் பற்றிய பட்டியல். 1847-இல் ஊர்வன பற்றிய பட்டியல். 1849-இல் மீன்கள் பற்றியது. மூன்றும் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியாயின. பட்டியல் என்ற சொல்லைக் கேட்டு மளிகைச் சாமான் சீட்டு போல நினைக்க வேண்டாம். ஒவ்வோர் உயிரின் அளவு, நிறம், உடலமைப்பு, வாழிடம், முன்பு யார் என்ன பெயர் வைத்தார்கள் என்ற விவரம் எல்லாம் அதில் உண்டு.

முதலாவது பட்டியலில் இருக்கிறது நம் வௌவால்.

ஒரு புதிய இனத்தை விவரிப்பது என்றால் என்ன? புதிதாக ஒன்றைப் பார்ப்பது மட்டும் அல்ல. கையில் இருப்பது இதுவரை பெயர் பெற்ற எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். அதற்கு, அதுவரை வெளியான எல்லா விவரங்களையும் படித்திருக்க வேண்டும். பினாங்கில் உட்கார்ந்துகொண்டு, லண்டனிலும் பாரிஸிலும் லெய்டனிலும் யார் என்ன எழுதினார்கள் என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். புத்தகங்கள் கப்பலில் வரப் பல மாதங்கள் ஆன காலம். விலங்குகளுக்குப் பெயர் வைப்பதற்கு ஆங்கிலேய அறிஞர்கள் எழுத்தில் விதிகள் வகுத்ததே 1842-இல்தான். கேண்டர் வௌவாலுக்குப் பெயர் வைத்தபோது அந்த விதிகளுக்கு வயது நான்கு.

அடுத்தது உடல். வௌவாலை அளக்கும்போது முதலில் பார்ப்பது முன்கையின் நீளம். இறக்கையைத் தாங்கும் அந்த எலும்பு இந்த இனத்தில் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். பிறகு காது, வால், பல். எல்லாவற்றுக்கும் மேலாக மூக்கு. ஹிப்போசிடெரோஸ் பேரினத்து வௌவால்களின் மூக்கைச் சுற்றி இலை மடிப்புகள் போல சதை இருக்கும். பார்ப்பதற்கு அழகு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மடிப்பு வீணாக இல்லை. இவை பெரும்பாலான வௌவால்களைப் போல வாயால் கத்துவதில்லை, மூக்கால் ஒலி எழுப்புகின்றன. சதை மடிப்பு அந்த ஒலியை ஒரு கைவிளக்கின் ஒளிபோலக் குவித்து அனுப்புகிறது. பூச்சியின் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு இருட்டில் இரை பிடிக்கின்றன. நம் காது கேட்கும் எல்லை 20 கிலோஹெர்ட்ஸ். இவற்றின் ஒலி 100 கிலோஹெர்ட்ஸுக்கும் மேல். கேண்டர் அந்த வௌவாலைக் கையில் பிடித்திருந்தபோது அது இந்த ஒலியை எழுப்பியிருந்தாலும் அவருக்குக் கேட்டிருக்காது. எதிரொலியால் வௌவால் வழி அறிகிறது என்பதே 20-ஆம் நூற்றாண்டில்தான் நிரூபிக்கப்பட்டது. அந்த மூக்கு எதற்கு என்று தெரியாமலேயே அதை வைத்து இனத்தைப் பிரித்தார் அவர்.

கேலெரிட்டஸ் என்றால் லத்தீன் மொழியில் தொப்பி அணிந்தது என்று பொருள். பத்துக் கிராம்கூட எடை இல்லாத ஓர் உயிருக்குத் தொப்பிக்காரன் என்று பெயர்.

அதே காலத்தில் பினாங்குக் குரங்கு ஒன்றுக்கும் கேண்டர் பெயர் வைத்தார். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வெள்ளை வளையம் உள்ள லோத்தோங் குரங்கை, தாவரவியல் பூங்காவில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். பினாங்குத் தீவில் உள்ள அதன் கிளையினத்துக்கு ஹாலோனிஃபெர், அதாவது ஒளிவட்டம் தாங்கியது, என்று 1845-இல் பெயர் தந்தவர் அவர். 2019-இல் தெலுக் பஹாங்கில் சாலையைக் கடக்கப் பழைய தீயணைப்புக் குழாய்களால் கயிற்றுப் பாலம் கட்டிக்கொடுத்தார்களே, அது இந்தக் குரங்குகளுக்காகத்தான்.

தம் பட்டியல்களில் கேண்டர் மலாய்ப் பெயர்களையும் குறித்துவைத்தார். இது எனக்குப் பிடித்த செயல். மலாய் மொழியில் பூச்சி தின்னும் சிறிய வௌவால் கெலாவார். பழம் தின்னும் பெரிய வௌவால் கெலுவாங். இரண்டும் வேறு என்று கிராமத்துச் சிறுவனுக்கும் தெரியும். தமிழில் இரண்டையும் வௌவால் என்றே சொல்லிவிட்டு, வேண்டுமானால் பழந்தின்னி என்று முன்னால் ஒட்டுகிறோம். அந்தப் பெயர்களைச் சொல்லித் தந்தவர்கள் வரலாற்றில் நிற்கவில்லை. இதற்குச் சில ஆண்டுகள் கழித்து மலாய்த் தீவுகளில் சுற்றிய ஆல்ஃபிரட் ரசல் வாலஸ், தமக்கு உதவிய அலி என்ற இளைஞரைத் தம் நூலில் எழுதிவைத்தார். அதனால் இன்று அலியை உலகம் அறியும். பினாங்கில் கேண்டருக்காக வலையோடு காட்டுக்குப் போனவர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

கேண்டரின் மீன் பட்டியல் ஒரு தனிக்கதை. 1840-இல் சியாம் அரசர் தந்த சில சண்டை மீன்கள் ஒரு நண்பர் வழியாகக் கேண்டரிடம் வந்தன. பந்தயம் கட்டி மோதவிடும் மீன்கள் அவை. இன்று கண்ணாடிக் குடுவையில் வைத்துப் பெட்டா என்று விற்கிறார்களே, அதேதான். 1849-இல் எழுதும்போது, இந்தச் சியாம் மீனைப் பினாங்கில் கிடைத்த வேறொரு மீனின் ஒரு வகை என்று கருதி, இரண்டையும் பக்னாக்ஸ் என்ற ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார். பக்னாக்ஸ் என்றால் சண்டைக்காரன். அறுபது ஆண்டுகள் கழித்து லண்டனில் சார்லஸ் டேட் ரீகன் இரண்டும் வேறு இனம் என்று கண்டார். முந்திய பெயர் பினாங்கு மீனுக்கே உரியதாகி, சியாம் மீனுக்குப் பெட்டா ஸ்பிளென்டென்ஸ் என்ற புதுப் பெயர் வந்தது. ஆக, சண்டைக்குப் பேர்போன மீனுக்கு அழகன் என்ற பெயர். நம் ஊர் ஓடைகளில் வாழும் சாதுவான மீனுக்குச் சண்டைக்காரன் என்ற பெயர். விதி விதிதான், மாற்ற முடியாது.

1850-களில் கேண்டர் மீண்டும் கல்கத்தாவில் இருந்தார். பவானிப்பூரில் ஐரோப்பியர்களுக்கான மனநலக் காப்பகம் அவர் பொறுப்பில் வந்தது. பாம்பையும் வௌவாலையும் விட்டு விலகி, மனம் நொந்தவர்களோடு கழிந்த ஆண்டுகள் அவை. 1860-இல் இறந்தார். வயது 51.

அவருக்கு நினைவுச் சின்னமாகச் சில உயிர்கள் இருக்கின்றன. இந்தியப் பாலைநில ஓணான் வகை ஒன்று, கடல் பாம்பு ஒன்று, நிக்கோபார் தீவுகளின் குழிவிரியன் ஒன்று, ஆற்று மணலில் புதைந்து தலையை மட்டும் நீட்டிக் காத்திருக்கும் பெரிய மென்னோட்டு ஆமை ஒன்று, எல்லாம் மற்றவர்கள் அவர் பெயரை வைத்தவை.

வௌவாலின் கதை அவரோடு முடியவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இலங்கையிலிருந்து ஆஸ்திரேலியா வரை இதே போன்ற மூக்குடைய பல வௌவால்களை எல்லாம் கேலெரிட்டஸ் என்றே அழைத்தார்கள். இவற்றில் எது உண்மையான கேலெரிட்டஸ்? விதிப்படி, கேண்டர் விவரித்த பினாங்கு வௌவாலோடு ஒத்துப்போவதுதான். 1981-இல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் பவுலினா ஜென்கின்ஸ், ஜான் எட்வர்ட்ஸ் ஹில் இருவரும் காதின் அகலம், வாலின் நீளம் போன்றவற்றை ஒப்பிட்டு, கலந்துகிடந்தவை இரண்டு இனங்கள் என்று பிரித்தார்கள். மற்றதற்கு, ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் பகுதி வௌவாலுக்கு ஜான் கூல்டு 1854-இல் வைத்த செர்வினஸ் என்ற பெயர் மீண்டும் உயிர்பெற்றது. இந்த இரண்டும் மலேசியாவில் வாழ்கின்றன. ஒன்றின் குகையிலேயே மற்றதும் தொங்குவதுண்டு. 135 ஆண்டுகள் ஒரு பெயருக்குள் இன்னொன்று ஒளிந்திருந்தது.

அந்த ஹில் என்ற பெயரை நினைவில் வையுங்கள். தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்து மேகமலையில் 1948-இல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டக்காரர் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்தார். சாதாரண வௌவால் என்று சீட்டு ஒட்டப்பட்டு, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பெட்டியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1970-இல் அங்கே வந்த தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா, பல்லைப் பார்த்து, இது வேறு என்று கண்டுபிடித்தார். இனம் மட்டுமல்ல, பேரினமே புதிது. 1972-இல் பறவையியலாளர் சாலிம் அலியின் பெயரை அதற்குச் சூட்டினார். இரண்டே ஆண்டுகளில், 1974-இல், கிட்டி இறந்துவிட்டார். அவர் தாய்லாந்துக் குகைகளில் கண்டெடுத்த, உலகிலேயே மிகச் சிறிய வௌவாலை, அவர் பெயராலேயே விவரித்தவர் அதே ஹில்தான்.

இன்று காதுக்குக் கேட்காத ஒலியும் ஆய்வாளர்களுக்குச் சாட்சி. தீபகற்ப மலேசியாவில் ஹிப்போசிடெரோஸ் பைகலர் என்று ஒரே பெயரில் அழைத்த வௌவால்களில் சில 131 கிலோஹெர்ட்ஸிலும் சில 142 கிலோஹெர்ட்ஸிலும் ஒலி எழுப்புவதை 2001-இல் டிக்கா கிங்ஸ்டனும் சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். உருவத்தில் கிட்டத்தட்ட ஒன்று, மரபணுவில் வேறு. 2018-இல் அவற்றில் ஒன்றுக்கு ஹிப்போசிடெரோஸ் குன்சி என்ற புதுப் பெயர் வந்தது. அதை விவரித்த குழுவில் மலேசிய ஆய்வாளர்களும் உண்டு.

கேண்டரின் ராஜநாகமும் தப்பவில்லை. 2024-இல் அது நான்கு இனங்களாகப் பிரிக்கப்பட்டது. ஹன்னா என்ற பெயர் வங்காளத்துப் பாம்பின் பக்கம் நின்றுவிட்டது. மலாயாத் தீபகற்பத்தில் ஊரும் ராஜநாகத்துக்கு இப்போது பெயர் ஓபியோஃபேகஸ் பங்காரஸ். கேண்டர் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த மண்ணில், அவர் வைத்த பாம்புப் பெயருக்கு இடம் இல்லை.

மலேசியாவில் இப்போது 130-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களைக் கணக்கிடுகிறார்கள். இலங்கையிலோ போர்னியோவிலோ ஜாவாவிலோ பிடிபடும் தொப்பிக்கார வௌவால், கேலெரிட்டஸ்தானா, இன்னும் பெயர் பெறாத வேறொன்றா என்று முடிவுசெய்ய விரும்புகிறவர் அதைப் பினாங்கு வௌவாலோடுதான் ஒப்பிட்டாக வேண்டும். மரபணு எடுப்பதற்கு உயிருள்ள ஒன்று தேவைப்பட்டால், வலையோடு இந்தத் தீவின் காட்டுக்குத்தான் வர வேண்டும். 2021-இல் யுனெஸ்கோ பினாங்குக் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. அந்தக் காடு சுருங்காமல் இருக்கும்வரை ஒப்பிடுவதற்கு வௌவால் கிடைக்கும்.